ஒரு மரத்துக்கு ஒரு கிரவுண்டு: மர ஆலோசனைப் பணியில் ஓராண்டு

எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் இருக்கிறோம். நான் வனவியல் படித்தவன். இன்னொருவர் கட்டடப் பொறியாளர். மூன்றாமவர் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கயிறு கட்டி மரம் ஏறுகிறவர். எங்கள் இருவரையும் விட வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன் என்றே அழைக்கிறோம். ஒரு மரம் நிற்குமா, எந்தக் கிளையை எப்படி வெட்டுவது, மரத்தைச் சாகடிக்காமல் அதன் பக்கத்தில் எவ்வாறு கட்டுவது என்று சொல்வதும், சொன்னபடி நடக்கிறதா என்று கூட நின்று பார்ப்பதும் எங்கள் தொழில். 2024 ஜனவரி முதல் 2025 பிப்ரவரி வரை சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் நாங்கள் செய்தவற்றை, கெடுத்தவற்றையும் சேர்த்து, எங்கள் பணிப்பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

ஜனவரி முழுவதும் மிக்ஜாம் புயல் விட்டுச்சென்ற வேலைதான். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் தெற்குச் சென்னையின் தாழ்வான பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. காற்றில் சாய்ந்த மரம் அன்றே கண்ணில் பட்டுவிடும். வேர் மூச்சுமுட்டிய மரமோ இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உச்சியில் இலை சிறுத்துத் தன் நிலையைக் காட்டும். வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்ககத்தில் ஒன்பது புங்கன்களுக்கு உரம் கேட்டு அழைத்திருந்தார்கள். ஓரடி தோண்டியதும் மண் சாம்பல் நீலமாக, அழுகிய முட்டை நாற்றத்துடன் வந்தது. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் அடிமரத்தைச் சுற்றி நான்கு விரற்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது. அந்த வண்டலை வழித்தெடுத்து, வேர்ப்பரப்பில் இரண்டடிக்கு ஒரு குழியாகக் கடப்பாரையால் குத்தி, குழிகளில் மட்கிய தொழுவுரமும் ஆற்று மணலும் நிரப்பியதுடன் வேலை முடிந்தது. உரம் எதுவும் போடவில்லை. மூச்சுக்குத் தவிக்கும் வேருக்குச் சோறு ஊட்டி என்ன பயன்? ஒன்பதில் எட்டு, சித்திரையில் துளிர்த்தன.

ஆண்டின் பெரிய வேலை மேற்கு மாம்பலத்துக்கு அருகே ஒரு பழைய வீட்டு மனையில் அமைந்தது. மனையின் பரப்பு பதினைந்து கிரவுண்டு, அதாவது ஏறத்தாழ 3,340 சதுர மீட்டர். அந்தப் பகுதியின் ஒரு பெரும்பங்கு 1920-களில் வடிக்கப்பட்ட ஏரியின் படுகை. மேல்மண்ணை நான்கடி தோண்டினால் இன்றைக்கும் கரிய களிமண்தான் வரும். அந்தக் களிமண் மழையில் வெண்ணெய்போல் வழுக்கும், வெயிலில் கையே நுழையுமளவுக்கு வெடிக்கும். மனைக்குள் பதினொரு மரங்களும், வெளியே நடைபாதையில் இரண்டு மரங்களும் நின்றன. கட்டுநர் எங்களிடம் தந்த வரைபடத்தில் பதினொன்றையும் வேறிடத்துக்கு மாற்றுவதாக முடிவுசெய்திருந்தார்கள். மரம் மாற்றி நடுதல் என்று சொல்லிவிட்டால் எவருக்கும் மனம் உறுத்துவதில்லை என்பதால், வெட்டுதல் என்ற சொல் இருந்த இடங்களில் எல்லாம் இப்போது அந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்தப் பதினொன்றில் முதன்மையானது மனையின் வடகிழக்கு மூலையில் நின்ற தூங்குமூஞ்சி மரம். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நூல் பிடித்தபோது சுற்றளவு 220 சென்டிமீட்டர் இருந்தது. அப்படியானால் குறுக்களவு 70 சென்டிமீட்டர். கட்டுமான இடங்களில் மரங்களைக் காப்பதற்கு நம்மிடம் விரிவான தரக்குறிப்பு வழக்கில் இல்லாததால், பிரிட்டனின் பிஎஸ் 5837 தரக்குறிப்பைத்தான் நாங்கள் அடிப்படையாகக் கொள்கிறோம். அதன்படி அடிமரக் குறுக்களவைப் பன்னிரண்டால் பெருக்கினால் வேர்க்காப்பு வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 70 சென்டிமீட்டர் மரத்துக்கு ஆரம் 8.4 மீட்டர், பரப்பு 222 சதுர மீட்டர். பொறியாளர் அதைச் சதுர அடிக்கு மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 2,400 சதுர அடிக்கு ஒரு கைப்பிடி குறைவு. ஏறத்தாழ ஒரு கிரவுண்டு. சென்னையில் ஒரு கிரவுண்டு என்றால் என்ன விலை என்று கட்டுநருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மரம் பல ஆண்டுகளாக எவ்வளவு இடத்தில் குடியிருந்து வந்திருக்கிறது என்பதை அவருக்குப் புரியும் அளவையில் சொல்ல அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

விதிமுறைகள் இங்கே பாதி வழிக்குத்தான் துணை வந்தன. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து விழுக்காடு திறந்தவெளியாக ஒப்படைக்கப்பட வேண்டும்; 3,000 முதல் 10,000 வரையுள்ள மனைக்கு நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டவும் வழி இருக்கிறது. எங்கள் மனை இந்த நடுவகையைச் சேர்ந்தது. கட்டுநர் பணம் கட்டுவதையே தேர்ந்தெடுத்தார், அதில் பிழை காண முடியாது. நடைபாதையில் இருந்த இரு மரங்களின் கதை வேறு. பொது இடத்து மரங்களை வெட்டவோ மாற்றவோ, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக்குழுவின் ஒப்புதல் வேண்டும்; வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்றுகள் நட வேண்டும். வாயிலைப் பன்னிரண்டடி தள்ளி வைத்தால் விண்ணப்பமே தேவையில்லை என்று காட்டியதும் கட்டடக் கலைஞர் அன்று மாலையே வரைபடத்தைத் திருத்தினார். ஒப்புதல் பெறும் முறை கடினமாக இருப்பதன் நன்மை, அது தேவைப்படாத வடிவமைப்பைத் தேட வைப்பதுதான் என்பது என் கருத்து.

உள்ளே இருந்த பதினொன்றில் நான்கை இருந்த இடத்திலேயே வைப்பது, ஆறை மாற்றி நடுவது, அடிமரம் பொந்தாகிப்போன ஒரு முருங்கையை வெட்டுவது என்று பேசி முடித்தோம். தூங்குமூஞ்சி நிற்பதாக உறுதியானது. ஆனால் அதன் வேர்வட்டத்தின் குறுக்கே மதில்சுவரும் காரோட்டப் பாதையும் வரவிருந்தன. வேர் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் அடித்தளக் கோட்டை வரைய முடியாது. மேலைநாடுகளில் இதற்கென்றே, அழுத்தக் காற்றால் வேரைக் காயப்படுத்தாமல் மண்ணை ஊதி அகற்றும் காற்றுக் கத்தி போன்ற கருவி உண்டு. எங்களிடம் இருந்தது பாறை உடைப்பவர்களின் வாடகைக் கம்ப்ரசரும், லேத்துப் பட்டறையில் முனையைக் குறுக்கிச் செய்துவாங்கிய ஒரு குழாயும்தான். காய்ந்த களிமண்ணில் காற்று ஒன்றும் செய்யாது என்பதை முதல் நாள் அரை டேங்க் டீசலைச் செலவழித்துத் தெரிந்துகொண்டோம். மறுநாள் இரவு முழுவதும் ஈரச்சாக்கு போர்த்தி, காலையில் ஊதியபோது மண் உதிரியாகப் பறந்தது. அடிமரத்திலிருந்து 4.2 மீட்டரில், 35 சென்டிமீட்டர் ஆழத்தில், கை மணிக்கட்டைவிடத் தடித்த ஒரு வேர் மதில் கோட்டைக் குறுக்கே கடந்துபோயிற்று. ஈரம் காயாத அந்தத் தோலில் நகத்தால் கீறினால் வெள்ளையாக இருந்தது. அதைச் சுற்றி விரல்கனத்தில் இன்னும் ஏழு வேர்கள் ஓடின.

தொடர் அடித்தளம் போட்டிருந்தால் அந்த எட்டையும் ஒரே நாளில் அறுத்திருப்போம். அதற்குப் பதிலாக, வேர்களைத் தவிர்த்து மூன்று மீட்டருக்கு ஒரு தனிக் குழி, அவற்றின் மேல் தரைக்கு அரையடி மேலே ஓடும் உத்திரம், அதன் மீது சுவர் என்று பொறியாளர் மாற்றி வரைந்தார். உத்திரத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்தில் மணலை நிரப்பினோம். கார்ப்பாதைக்கு மண்ணைத் தோண்டவே இல்லை. தரைமேல் துணிவிரிப்பு, அதன்மேல் அரையடி ஜல்லி, அதன்மேல் சிமெண்ட் பூசாத இணைப்புக் கற்கள். செலவு கூடியது உண்மை, கட்டுநர் முகம் சுளித்ததும் உண்மை.

வேர்வட்டத்துக்குச் சவுக்குக் கட்டை நட்டு வேலி போட்டிருந்தோம். ஜூலையில் ஒருநாள் போனபோது, கலவை லாரி ஒன்று வேலியின் ஒரு கட்டையைப் பிடுங்கிவிட்டு உள்ளேயே உருளையைக் கழுவிச் சென்றிருந்தது. சாம்பல்நிறக் குழம்பு ஒரு பாய் அளவுக்குப் படர்ந்து கிடந்தது; அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் தாளை நனைத்தால் கருநீலமாயிற்று, அத்தனை காரத்தன்மை. மேஸ்திரி, "நிழலா இருந்துச்சு சார், அதான் அங்க நிறுத்துனாங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த மனையில் வேறு எங்கும் நிழல் இல்லை. குழம்பையும் அதன் அடியில் ஒரு சாண் மண்ணையும் அள்ளி வெளியேற்றிவிட்டு, லாரி நிற்பதற்கு எதிர்மூலையில் பச்சை வலைப்பந்தல் ஒன்று போட்டுக்கொடுத்தோம். அதற்குப் பின் வேலி அப்படியே இருந்தது.

இனி நாங்கள் கெடுத்த வேலைக்கு வருகிறேன். மாற்றி நட வேண்டிய ஆறில் இரண்டு வேம்பு, ஒரு பூவரசு, ஒரு புங்கன் ஆகிய நான்கும் கட்டட அடித்தளம் தோண்டும் பகுதியில் நின்றன. தோண்டும் தேதி மே இரண்டாம் வாரம். அக்னி நட்சத்திரம் மே 4-இல் தொடங்கிவிட்டிருந்தது. வெயில் 40 டிகிரியை ஒட்டி நின்ற நாள்கள் அவை. ஒரு பருவம் முன்னதாகவே சுற்றிலும் வேரை வெட்டி, உருண்டைக்குள் புதுவேர் விடும்படி மரத்தைப் பழக்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வரைபடம் இருமுறை மாறியதில் எங்கள் அறிக்கையே மார்ச்சில்தான் போனது. அதற்குள் ஒப்பந்தக்காரரின் நாள்காட்டி முடிவாகிவிட்டது. அந்த இடத்தில் நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

பெரிய வேம்பின் குறுக்களவு 30 சென்டிமீட்டர். அதற்கு வேர்மண் உருண்டை குறைந்தது எட்டு மடங்கு, அதாவது 2.4 மீட்டர் அகலம் வேண்டும். 90 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கணக்கிட்டால் நான்கு கன மீட்டர் மண், எடை ஏழு டன். வந்திருந்த ஹைட்ரா கிரேனின் நெற்றியில் 14 டன் என்று எழுதியிருந்தாலும், கையை நீட்டும்போது அது தூக்கும் எடை பல மடங்கு குறையும். குழிக்கு அருகில் கிரேன் வர இடமில்லை. ஆகவே உருண்டையை 1.6 மீட்டராகக் குறைத்தோம். பரப்பில் பார்த்தால் தேவைப்பட்டதில் பாதிகூட இல்லை. மரத்துக்கு எவ்வளவு வேர் வேண்டும் என்பதை அன்று தீர்மானித்தது கிரேன்தான்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி, சாக்கும் தேங்காய்நார்க் கயிறும் சுற்றி, வார்ப்பட்டை போட்டுத் தூக்கியபோது மணி பதினொன்று. உருண்டை தரையைவிட்டு ஒரு முழம் எழும்பியதும் உள்ளே தேங்காய் உடைவதுபோல மந்தமாக ஓர் ஓசை கேட்டது. அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். சாக்குக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வறண்ட களிமண் நடுவில் பிளந்துவிட்டது என்பதும், பிளந்த இடத்தில் மெல்லிய வேர்கள் எல்லாம் அறுந்துவிட்டன என்பதும் எங்கள் மூவருக்கும் தெரிந்தது. கேளம்பாக்கத்துக்கு அப்பால் கட்டுநரின் இன்னொரு மனையில் அன்றிரவே நட்டோம். வேரூக்கி ஊற்றினோம், முட்டுக்கொடுத்தோம், மாலைதோறும் தண்ணீர் விட்டோம். போதாக்குறைக்கு, லாரியில் கொண்டுபோவதற்காகக் கிளைகளை மொட்டையாக வெட்டியிருந்ததால், அதுவரை நிழலில் இருந்த தண்டின் தென்மேற்குப் பக்கம் வெயிலில் வெந்து, பட்டை வெடித்து உரிந்தது. அதற்குச் சுண்ணாம்பு அடித்திருக்கலாம், சாக்குச் சுற்றியிருக்கலாம். அதையும் ஜூன் மாதத்தில்தான் செய்தோம். இரண்டு வேம்பும் ஆகஸ்டுக்குள் பட்டுப்போயின. புங்கன் ஒரு பக்கம் மட்டும் பிழைத்தது. பூவரசு எந்தக் குறையுமின்றித் துளிர்த்தது. கிளையை வெட்டி நட்டாலே வேர்விடும் இனம் அது, அதன் பிழைப்பில் எங்களுக்குப் பங்கில்லை.

மீதி இரண்டு, ஒரு மகிழமும் ஒரு நாவலும், பிற்பாடு வேலை நடக்கவிருந்த தெற்கு ஓரத்தில் இருந்தன. இவற்றில் அவசரம் காட்டவில்லை. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை விதைக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்ளாமல், ஆடியில் கிடைக்கும் மாலை மழைகளை நம்பி ஜூலை 22-இல் எதிரெதிர் இரு பக்கங்களில் மட்டும் வட்டமாகக் காலடி அகலத்தில் பள்ளம் வெட்டினோம். வேர்களை ரம்பத்தால் சீராக அறுத்து, பள்ளத்தில் மணலும் மட்கும் கலந்து நிரப்பினோம். மூன்று வாரம் கழித்து மற்ற இரு பக்கங்களையும் அவ்வாறே செய்தோம். செப்டம்பர் கடைசி வாரத்தில் திறந்து பார்த்தபோது அறுத்த முனைகளிலிருந்து சேமியாபோல வெள்ளை வேர்கள் கொத்துக்கொத்தாக இறங்கியிருந்தன. உருண்டையை முழு அளவில் எடுத்தோம். கிரேனுக்கு வழிவிட ஒரு தற்காலிகச் சுவரையே இடிக்கவைத்தோம். தண்ணீர் விடும் வேலையை வடகிழக்குப் பருவமழை ஏற்றுக்கொண்டது. இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

அக்டோபரில் மழைக்கு முந்தைய கவாத்து, அதாவது கிளை கழிக்கும் வேலை. ஒரு பள்ளி வளாகத்தில் இருபத்திரண்டு மரங்களுக்கு 16, 17, 18 ஆகிய தேதிகளைக் குறித்திருந்தோம். 15-ஆம் தேதி பெய்த மழையில் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் மக்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 16-ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை. கயிற்றையும் ரம்பத்தையும் கட்டிவைத்துவிட்டோம். அந்த நாள் சென்னையில் எதிர்பார்த்த மழை வரவில்லை. பள்ளியில் கேலி செய்தார்கள். இருந்தாலும் ஈர மரத்தில் நாற்பதடி உயரத்தில் ஆளை ஏற்றுவதைவிடக் கேலி மலிவானது. பிறகு ஐந்து நாளில் வேலை முடிந்தது. முந்தைய ஆண்டுகளில் யாரோ உச்சியை மொட்டையடித்திருந்த இயல்வாகைகளில், வெட்டிய இடத்தைச் சுற்றித் துடைப்பம்போல முளைத்த கிளைகள் பட்டையை மட்டுமே பற்றிக்கொண்டு நின்றன. ஒன்றை அண்ணன் கையால் இழுத்தே பிய்த்துக் காட்டினார். பாதுகாப்புக்காக மொட்டையடித்த மரம்தான் அடுத்த புயலில் முதலில் முறிகிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் தடித்திருக்கும் கிளைக்கழுத்தை விட்டுவைத்து, முதலில் கீழிருந்து கால்வாசி, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து முழுவதும், கடைசியில் மிஞ்சிய கட்டையை என்று மூன்று வெட்டில் எடுப்பதைப் பள்ளித் தோட்டக்காரருக்கும் கற்றுக்கொடுத்தோம்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையை நேராகத் தாக்கி ஆயிரக்கணக்கில் மரங்களைச் சாய்த்ததுபோல் இது காற்றுப் புயல் அல்ல. கரையேறியபின் நகராமல் நின்று கொட்டிய மழைப்புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர், மயிலத்தில் 50 சென்டிமீட்டர் என்ற அளவில் பெய்தது. சென்னையில் காற்று மிதம்தான் என்றாலும் மண் குழைந்திருந்தது. புயலுக்கு முன்தினம் மாம்பலம் மனைக்குப் போய், கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தூங்குமூஞ்சியின் பத்தடி உயரத்தில் ஆணியடிக்காமல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு, குண்டின் முனை தொட்ட இடத்தில் ஒரு கம்பியை அடித்திருந்தோம். டிசம்பர் 1 காலை கணுக்கால் நீரில் போய்ப் பார்த்தபோது முனை கம்பியின் தலையிலேயே நின்றது. அடிமரத்தைச் சுற்றி மண் வெடிப்போ மேடோ இல்லை. அதே தெருவில் இருநூறு அடி தள்ளி, முந்தைய ஆண்டில் குழாய்ப் பள்ளத்துக்காக ஒரு பக்க வேர்கள் முழுக்க அறுக்கப்பட்ட இயல்வாகை ஒன்று, அறுத்த பக்கத்துக்கு நேர் எதிராகச் சாய்ந்து கிடந்தது. மண்ணோடு பெயர்ந்து எழுந்த வேர்த்தட்டின் அந்தப் பக்கம் சுவர்போல் வழவழவென்று இருந்தது. கடப்பாரை வெட்டின் தழும்புகளை எண்ண முடிந்தது.

டிசம்பர் முழுக்கத் திண்டிவனத்தைச் சுற்றி வேலை. ஒரு பள்ளியில் சாய்ந்த பதினான்கு மரங்களில் குறுக்களவு அரை அடிக்குள் இருந்த ஐந்தை மட்டும் தூக்கி நிறுத்தினோம். வேர்த்தட்டுக் காயுமுன், சாய்ந்த நான்கைந்து நாளுக்குள் தூக்கினால்தான் பயன். தூக்குமுன் குழிக்குள் மடிந்த வேர்களை அறுத்தெடுக்க வேண்டும், இல்லையேல் மரம் மண்ணில் அமராது. பெரிய புளியமரங்களைத் தூக்கித் தரச்சொல்லித் தலைமையாசிரியர் மிகவும் கேட்டார். நிறுத்திவிடலாம், ஆனால் கீழே பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அவற்றை நம்ப முடியாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

2025 ஜனவரியில் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை நடுவதற்கு அரசு தடை விதித்து, இருப்பவற்றைப் படிப்படியாக அகற்றி உள்ளூர் மரங்களை நடச் சொன்னது. அதே வாரத்தில் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு குடியிருப்பிலிருந்து, மதிலோரம் வளர்ந்த 140 மரங்களையும் ஒரே நாளில் பிடுங்க விலை கேட்டார்கள். தடையை நான் வரவேற்கிறேன். தண்ணீருக்காக எங்கும் நுழையும் வேரும், வேகமாக வளர்கிறது என்பதற்காகவே ஒற்றை இனத்தை வரிசையாக நடும் பழக்கமும் நல்லவையல்ல. ஆனால் 140 மரங்களை ஒரே நாளில் எடுத்தால் அந்த மேற்கு மதில் வரும் கோடையில் அடுப்பாகிவிடும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு 2024 அக்டோபரில்தான் அறிவித்திருக்கிறது என்பதையும் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னோம். ஒன்றுவிட்டு ஒன்றாக இந்த ஆண்டு எழுபது, கன்றுகள் ஆள் உயரம் தாண்டியபின் மீதி எழுபது என்று முடிவாயிற்று. இடையில் புங்கன், பூவரசு, புன்னை நடுவதற்கு ஆவணி கடைசியைக் குறித்திருக்கிறோம். மார்ச்சில் நடச்சொன்ன செயலாளருக்கு மேலே சொன்ன வேம்புக் கதையைச் சொன்னேன்.

சென்னையின் நகர வளர்ச்சிக்கான இரண்டாம் பெருந்திட்டம் 2026-உடன் முடிகிறது. 2046 வரைக்குமான மூன்றாம் பெருந்திட்டம் தயாராகிவருகிறது. கூப்பிடும் இடங்களில் எல்லாம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மனை வரைபடத்தில் மரத்தைப் பச்சைப் புள்ளியாக வைக்காமல் வேர்வட்டத்தோடு வரையச் சொல்லுங்கள். எங்கள் ஒப்பந்தத்திலும் ஜனவரி முதல் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பங்குனி முதல் வைகாசி முடிய மரம் எதையும் பெயர்த்து நட மாட்டோம்.

பிப்ரவரி கடைசியில் மாம்பலம் மனையின் காவலாளி தொலைபேசியில் அழைத்தார். "சார், பெரிய மரம் பட்டுப்போவுது, இலையெல்லாம் மஞ்சளா கொட்டுது, கட்டட ஆளுங்க எதையோ ஊத்திட்டாங்க போல" என்று பதறினார். மறுநாள் காலை போனேன். மதிலுக்கு இருபுறமும் இலைகள் கணுக்கால் வரை கிடந்தன. தாழ்ந்த கிளையொன்றை வளைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கணுவிலும் அரிசி அளவில் பச்சை மொட்டு இருந்தது. தூங்குமூஞ்சி மாசியில் இப்படித்தான் உதிர்க்கும் என்று சொல்லி, அந்த மொட்டை அவர் கையில் வைத்தேன். அப்படியானால் இந்தக் குப்பையை யார் கூட்டுவது என்று கேட்டார். கூட்ட வேண்டாம், வேலிக்குள் தள்ளிவிடுங்கள் என்றேன்.